8,400 ரூபாய் வாங்கிக்கொண்டு டைமிங் பெல்ட்டைத் தொடவே இல்லை

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சான்ட்ரோ, அக்சென்ட், இண்டிகா மாதிரி டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட்) உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். பெல்ட் மாற்றும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் வண்டி 2007 சான்ட்ரோ ஜிங். அப்பா வாங்கியது. டைமிங் பெல்ட்டுக்கு கெடு முடிந்துவிட்டது என்று நானே பார்த்துத்தான் மாற்றக் கொண்டுபோனேன். திருச்சியில் எல்லாக் கம்பெனிக் காரும் பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டர். ஏசி ரூம், காபி மெஷின், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வேலை நடப்பது தெரியும். சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்து, வெளியே தெரியும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டை (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது) விரலால் மடக்கி, டார்ச் அடித்து வெடிப்புகளைக் காட்டினார். "வெளியே இருக்கறதே இப்படின்னா உள்ளே இருக்கறது எப்படி இருக்கும்னு பாத்துக்குங்கண்ணே. நடுரோட்ல அறுந்தா வால்வு போயிடும்." சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் நம்பினேன். டைமிங் பெல்ட், டென்ஷனர், ஆயில் சீல், லேபர் எல்லாம் சேர்த்து 8,400 என்றார். நான் கேட்காமலே, "பழைய பெல்ட்டையும் கையில கொடுத்துடறேன், உங்களுக்கும் திருப்தியா இருக்கும்" என்றார். சாயங்காலம் பேப்பரில் சுற்றி, டிக்கியில் அவரே வைத்தும் விட்டார். 8,400 ரூபாயை ஜிபேயில் போட்டேன்.

போன வாரம் மதுரை போகும்போது, விராலிமலை தாண்டியதும் வண்டி அப்படியே அணைந்துவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது, பிரேக் இரண்டு மிதிக்கு மேல் பிடிக்கவில்லை. பின்னால் லாரி. பின் சீட்டில் அம்மா. எப்படியோ ஓரம் கட்டி செல்ஃப் அடித்தால், இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. இன்ஜினுக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) போனால் அப்படித்தான் சுற்றுமாம், பிறகுதான் தெரிந்தது.

ரெக்கவரி வேனில் ஏற்றி, அப்பா காலத்திலிருந்து பழக்கமான மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம். அவர் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதை யாரும் கழட்டவே இல்லையே." பெல்ட்டின் முதுகில் அச்சடித்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் ஆயில் சீலிலிருந்து கசிந்த ஆயில் ஊறி, வரிசையாக ஏழெட்டுப் பற்கள் உரிந்து கிடந்தன. கீழ்க் கவரைக் கழற்ற கிராங்க் புல்லி என்ற சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். அந்த போல்ட்டின் தலையில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. டிக்கியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தோம். நீளவாக்கில் கோடு போட்ட பெல்ட். டைமிங் பெல்ட்டில் பல் குறுக்குவாக்கில் இருக்கும். வெளியே இருந்த ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, அதைத்தான் பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கா 8,400!

பெல்ட் வால்வுகளை இயக்காமல் நின்றதால், பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துவிட்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, எல்லாம் சேர்த்து 26,000 ஆகும் என்கிறார் பாய்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால் முதலில், "மேனேஜர் லீவு சார், வந்ததும் பேசச் சொல்றேன்." வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "ரப்பர் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது சார்." இன்னொருத்தர், "ஓவர் ஸ்பீடுல போயிருப்பீங்க." சான்ட்ரோவில், அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு! கடைசியில் மேனேஜர் வந்தார். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெல்ட் ரீபிளேஸ்மென்ட்னுதானே போட்டிருக்கு, டைமிங் பெல்ட்னு எங்கே சார் இருக்கு?" சரி, 8,400 ரூபாய்க்கு எந்த ஆல்டர்னேட்டர் பெல்ட் விற்கிறது, அதையாவது சொல்லுங்கள் என்றேன். "கஸ்டமர் வெயிட் பண்றாங்க சார்" என்று எழுந்து போய்விட்டார். அண்ணே அண்ணே என்று குழைந்த அந்த சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பில்லில் "டைமிங் பெல்ட்" என்ற பெயரும் பார்ட் நம்பரும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கவரை மூடும் முன் புது பெல்ட்டைப் போட்டோ எடுங்கள். விடமாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பழைய பெல்ட் என்று எதைக் கொடுத்தாலும் பல் குறுக்கே இருக்கிறதா பாருங்கள். கிலோமீட்டர் ஓடவில்லை என்று வருடக் கணக்கை விடாதீர்கள், நிற்கிற வண்டியிலும் ரப்பர் காயும். ஆயில் கசிந்தால் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அவர்களிடமும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். துருப்பிடித்த அந்த போல்ட்டைப் பாய் கழற்றும் முன்பே வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். 8,400-ம் வேண்டும், 26,000-மும் வேண்டும். பாய் கூப்பிடுகிறார், ஹெட் லேத்திலிருந்து வந்துவிட்டதாம், போகிறேன்.