அறுவை சிகிச்சைக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப்: தொடர்வதா, நிறுத்துவதா?

ட்ரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகளும் HER2 புரதமும் இல்லாத) மார்பகப் புற்றுநோய்க்கு, அறுவைக்கு முன் கீமோதெரபியோடு பெம்ப்ரோலிசுமாப் என்னும் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும்) மருந்தையும் பெற்று, அகற்றிய திசுவில் புற்றணுக்கள் ஏதும் எஞ்சவில்லை என்ற நோயியல் அறிக்கை வந்தபின், மீதமுள்ள 9 தவணைகளையும் ஏற்பதா, அத்துடன் நிறுத்துவதா என்ற கேள்வி எழுகிறது. என் மருத்துவருடன் விரிவாகப் பேசியபின் நான் நிறுத்தினேன். என் சாய்வும் அந்தப் பக்கமே.

தொடர்வதற்கான வாதம் தெளிவானது. இம்மருந்தைச் சோதித்த கீநோட் 522 ஆய்வு அறுவைக்கு முன் 8, பின் 9 தவணைகள் என்ற முழு வரிசையையே சோதித்தது. வழக்கமான பரிந்துரையும் அதுவே. ஆனால் பிந்தைய தவணைகள் மட்டும் எவ்வளவு உதவின என்பதை அந்த ஆய்விலிருந்து பிரித்தறிய முடியாது. கட்டி முழுமையாக மறைந்தவர்களில், 5 ஆண்டுகள் நோய் திரும்பாதிருந்தோர் மருந்து பெற்ற பிரிவில் ஏறத்தாழ 92 விழுக்காடு, பெறாத பிரிவில் 88 விழுக்காடு. அந்த இடைவெளியையும் முந்தைய தவணைகளே உண்டாக்கியிருக்கலாம். ஜெர்மனியின் ஜெபார்நுவோ ஆய்வில் இதே வகை மருந்தான துர்வலுமாப் அறுவைக்கு முன் மட்டுமே தரப்பட்டும் நோய் திரும்புவது குறைந்தது. அது 174 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது சுரப்பிகளின் நிலை. கீமோவின் களைப்பும் முடியுதிர்வும் பெரும்பாலும் காலப்போக்கில் மாறிவிடும்; இம்யூனோதெரபியால் தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் ஒரு சுரப்பியைத் தாக்கிவிட்டால், அச்சுரப்பி பெரும்பாலும் மீள்வதில்லை. தைராய்டு என்றால் தினம் ஒரு மாத்திரையோடு சமாளிக்கலாம். எனக்கு அறுவைக்கு முன்பே அது நேர்ந்துவிட்டது. அட்ரீனல் சுரப்பி செயலிழந்தால் அது சுரக்கும் கார்டிசால் ஹார்மோனுக்கு ஈடாக வாழ்நாள் முழுவதும் ஹைட்ரோகார்டிசோன் மருந்து தேவைப்படுவதோடு, ஒரு காய்ச்சலுக்குக்கூட அதன் அளவைக் கூட்ட வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து. இது அரிதுதான் என்றாலும், நோயின்றி இன்னும் பல்லாண்டுகள் வாழும் வாய்ப்புள்ளவருக்கு மீளாத பாதிப்பின் எடை அதிகம் என்றே கருதுகிறேன்.

கட்டியின் ஒரு பகுதி எஞ்சியவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம். தொடக்கத்திலேயே பல நிணநீர் முடிச்சுகளில் பரவியிருந்தவர்களுக்கு என் அனுபவம் போதாது. அவர்கள் தொடர விரும்பினால் அதில் நியாயம் உண்டு. கட்டி முழுமையாக மறைந்தவர்கள் தொடர்வதா, நிறுத்துவதா என்ற கேள்வியையே ஆப்டிமைஸ் பிசிஆர் என்னும் ஆய்வு நேரடியாகச் சோதிக்கிறது.

நிறுத்தினாலும் தைராய்டு, கார்டிசால், சர்க்கரைப் பரிசோதனைகளை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். கடைசித் தவணைக்குப் பல மாதங்கள் கழித்தும் இப்பாதிப்புகள் தலைகாட்டலாம்.