தாருக்கு மூன்று செட் டயர்: 70,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வீடு திருவொற்றியூர், வேலை காட்டுப்பள்ளி பக்கம். வண்டி 2021 ஆகஸ்டில் எடுத்த மஹிந்திரா தார் எல்எக்ஸ், டீசல். இதுவரை 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாறை, மணல், சேறு எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் 3,000 தேறாது. மீதி முழுக்க எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம், கன்டெய்னர் லாரிகளின் வால்தான். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் ஒரு செட் டயர் காசு மிச்சமாகியிருக்கும்.

கம்பெனியிலிருந்து வந்தது 255/65 ஆர்18. (அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம்.) பெயர் ஆல் டெரெய்ன் என்றாலும் தார் ரோட்டுக்குப் பக்கம் சாய்ந்த டயர். ஒரு குறையும் சொல்ல முடியாது, 14,000 கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடியது. ஆசைதான் குறை. ஊத்துக்கோட்டை தாண்டி நண்பனின் மாமனாருக்கு நிலம் இருக்கிறது, அதன் ஓரத்தில் கைவிட்ட கல்குவாரி. மாதம் ஒருமுறை நாலைந்து வண்டிகள் அங்கே சேருவோம். (அருகே மலையும் காடும் இருக்கின்றன என்று வண்டியை உள்ளே விடக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் போனால் வழக்கு, அதற்கு மேல் பேச்சில்லை.) அங்கே மற்ற வண்டிகளின் முரட்டு டயர்களைப் பார்த்துப் பார்த்து, 2022-இல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் மட் டெரெய்ன், அதாவது சேற்று டயர், நான்கு வாங்கினேன், 265/65 ஆர்18. கடையில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பட்டனை, அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளை, தடவிப் பார்த்தேன். கடைக்காரரும் பட்டனைத்தான் தட்டிக் காட்டினார்.

மாட்டிக்கொண்டு வந்த அன்று தெருமுனை பஞ்சர் கடை அண்ணன் கேட்டார்: "இன்னா தம்பி, டிராக்டர் டயரை மாட்டிக்கினு வந்துட்ட?"

அவர் சொன்னது ஒரு வாரத்தில் புரிந்தது. அறுபதைத் தாண்டினால் தரையிலிருந்து 'ஊய்ங்' என்று ஒரு சத்தம், எண்பதில் அது பாட்டையே அமுக்கிவிடும். லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பத்தரைக்கு இறங்கியது. அதைவிட மோசம் மழை. சேற்று டயரின் பட்டன்கள் பெரிய பெரிய கட்டிகள். ஈர ரோட்டில் தண்ணீரை விலக்கிப் பிடிக்க வேண்டிய மெல்லிய கீறல்கள் அவற்றில் குறைவு. மேம்பாலத்து இறக்கத்தில் லாரி சிந்திய டீசலும் முதல் தூறலும் சேர்ந்தால் பிரேக்கில் கால் வைக்கவே பயமாக இருக்கும். பாறைக்கு வாங்கிய டயரைக் கண்டு வீட்டுக்கு வரும் வழியில் பயப்படுவது என்ன நியாயம்!

நியாயமாகச் சொன்னால், அது வெற்றி பெற்ற இடமும் உண்டு. மீஞ்சூர் பக்கத்து வயல் களிமண்ணில், எண்ணூர் ஓரத்தில் நனைந்து கூழாகக் கிடக்கும் நிலக்கரிச் சாம்பலில், அதற்கு நிகர் கிடையாது. சுற்றும் வேகத்தில் பட்டன் இடுக்கில் ஒட்டிய மண்ணைத் தானே உதறிவிடும். இப்போது வண்டியில் இருக்கும் மூன்றாவது செட் அதே களிமண்ணில் பத்தடி போவதற்குள் உளுந்து மாவு பூசிய உருண்டை மாதிரி ஆகிவிடுகிறது. பழவேற்காடு மணலில் கதை தலைகீழ். சேற்று டயர் கொஞ்சம் அழுத்தினாலே குழி பறித்து உள்ளே இறங்கும், சாதுவான டயர் மேலே மிதந்து போகும்.

இனி வெட்டுப்பட்ட நாள். 2023 செப்டம்பர் கடைசி, கல்குவாரி. இடுப்பளவு பாறைகள் இரண்டுக்கு நடுவே ஏற வேண்டும். 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்த கியர்), அதில் முதல் கியர். காற்றை இறக்கச் சோம்பல்பட்டு 30 பிஎஸ்ஐயிலேயே விட்டிருந்தேன், அதுதான் முதல் தப்பு. கல்லாகக் காற்றடித்த டயர் பாறையைக் கவ்வாது, அதன்மேல் உருளப் பார்க்கும். இடது பின் சக்கரம் வழுக்கிச் சுற்றியது. நான் ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்தினேன், அது இரண்டாவது தப்பு. சக்கரம் சடாரென்று பக்கவாட்டில் நழுவி ஒரு விளிம்பில் உரசியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, துணி கிழிகிற மாதிரி ஒன்று, அப்புறம் 'ஸ்ஸ்'. இறங்கிப் பார்த்தால் பக்கச்சுவரில் மூன்று விரல் அகலத்துக்குக் கிழிசல், உள்ளே வெள்ளை நூல் தெரிகிறது. பக்கச்சுவரில் பஞ்சர் குச்சியும் திணிக்க முடியாது, பேட்சும் நிற்காது. வண்டி நகர நகர அந்த இடம் மடங்கி விரியும், எதை ஒட்டினாலும் பிய்ந்துவிடும்.

ஸ்டெப்னியாக இருந்தது பழைய கம்பெனி டயர். காசு மிச்சம் பிடிக்க நான்கு மட்டும் வாங்கியதன் பலன். விட்டத்தில் 13 மில்லிமீட்டர் சின்னது. அளவு மாறிய டயரோடு தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் கியர் பாகங்கள் ஒன்றையொன்று முறுக்கும். எனவே பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்சில் போட்டு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் ஊர்ந்து வந்து சேர்ந்தேன்.

அன்று ராத்திரி செல்போன் வெளிச்சத்தில்தான் அந்த டயரின் பக்கச்சுவரில் இருந்த பொடி எழுத்தை முதல்முறையாகப் படித்தேன். பட்டன் பகுதிக்குள் எத்தனை அடுக்கு, பக்கச்சுவருக்குள் எத்தனை அடுக்கு என்று தனித்தனியாக அச்சடித்திருப்பார்கள். பட்டனுக்கு அடியில் இரண்டு பாலியஸ்டர், இரண்டு ஸ்டீல், மேலே நைலான். பக்கச்சுவரில் வெறும் இரண்டு பாலியஸ்டர், ஸ்டீல் அங்கே கிடையாது. பாறையில் அடி வாங்குவது பெரும்பாலும் அந்த இடம்தான். நான் கடையில் தடவியது வேறு இடம்.

பெரியப்பாவிடம் காட்டினேன். ரப்பர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊருக்கு ரப்பர் புதிதல்ல. எம்ஆர்எஃப் 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதே திருவொற்றியூரில்தான். அவர் கிழிசலை விரித்துப் பார்த்துவிட்டு, "பக்கம் உசரமா, அடுக்கு ஜாஸ்தியா இருக்கிறதா வாங்குடா. பட்டன் அப்புறம்" என்றார்.

உயரம் என்றதும் ரிம் ஞாபகம் வந்தது. தாரின் இன்னொரு ரகமான ஏஎக்ஸுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு 245/75 ஆர்16. கணக்குப் போட்டால் 18 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் 166 மில்லிமீட்டர், 16-இல் 184. மொத்த விட்டம் 15 மில்லிமீட்டர்தான் குறைகிறது, அதாவது வண்டியின் வயிறு ஏழெட்டு மில்லிமீட்டர் கீழே வரும். பார்வைக்குப் பதினெட்டுதான் கம்பீரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதினெட்டு மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர்தான் காற்று இறக்கியதும் பாறையைப் போர்த்திக்கொள்வது. அதோடு, இது அதே வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு. வண்டியை மூல வடிவத்திலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் என்று போய் இன்ஷூரன்ஸ்காரரிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

2023 அக்டோபரில் ஐந்து இரும்பு ரிம், ஐந்து ஆல் டெரெய்ன். எல்டி (லைட் டிரக்) வகை, பக்கச்சுவர் மூன்றடுக்கு. ஒரு லட்சத்தைத் தாண்டியது, பழைய அலாய் ரிம்மை விற்றதில் கொஞ்சம் திரும்பி வந்தது. பிராண்டைச் சொன்னால் பேச்சு அதைப் பற்றியே போய்விடும், விடுகிறேன். வாங்கும்போது தேதியை மட்டும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எனக்கு ஒரு கடையில் 'புது ஸ்டாக்' என்று எடுத்துப் போட்டது 1121. இரண்டரை வருஷம் குடோனில் தூங்கிய டயர். வேண்டாம் என்றதும் பில் போட்டவர் முகம் சுருங்கியது, சுருங்கட்டும்.

இந்தச் செட் 37,000 ஓடிவிட்டது. குறை இருக்கிறது: கனம் அதிகம், மூலக்கடை பள்ளங்களில் முதுகுக்குத் தெரியும். ரோட்டில் எவ்வளவு காற்று என்பதைச் சாக்பீஸால் கண்டுபிடித்தேன். பட்டன் மேல் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் உருட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. எனக்கு 34-இல் கோடு சீராக அழிந்தது. பாறையில் 18, மணலில் 15. அதற்குக் கீழே சாதா ரிம்மில் போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் கட்டாயம். திரும்பக் காற்றடிக்காமல் ரோட்டில் வேகமெடுத்தால் டயர் சூட்டிலேயே செத்துவிடும்.

அதே இரண்டு பாறைகளில் இந்த டயரோடு மூன்று முறை ஏறிவிட்டேன். இப்போது கல்லை ஒதுக்கி ஓட்டுவதில்லை, பட்டன் கல்லின் தலைமேல் ஏறும்படி வைக்கிறேன். ஒதுக்கினால் பக்கச்சுவர்தான் உரசும்.

வாங்கி இரண்டு மாதத்தில் மிக்ஜாம் புயல். எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தது நினைவிருக்கும். சொந்தக்காரர்களைக் கூட்டி வரப் போனதில் டயர் முழுக்கக் கறுப்புப் பிசின். எண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பும், சும்மா விடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் நாரும் வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். அம்மா வாசலில் நின்று, "வீட்டுத் தரைய ஒரு நாள் இப்படித் தேச்சிருக்கியா?" என்றாள்.

இதுவரை நான்கு பஞ்சர். கல்குவாரியில் ஒன்றுகூட இல்லை, நான்கும் எண்ணூர், மணலி ரோட்டில். கடைசியாகக் குத்தியது கன்டெய்னர் கதவின் சீல். விரல் தடிமன் இரும்புக் கம்பி, வெட்டிப் போட்ட முனை உளி மாதிரி. நடுப்பட்டனில் ஏறியதால் பிழைத்தது, உள்பக்கம் காளான் பேட்ச் போட்டு இன்னும் ஓடுகிறது. எட்டாயிரத்துக்கு ஒருமுறை ஐந்தையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன், ஸ்டெப்னியும் சேர்த்துத்தான். இப்போது பட்டன் ஆறு மில்லிமீட்டர் இருக்கிறது. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், சென்னை மழைக்கு நான் நாலிலேயே மாற்றிவிடுவேன். அடுத்ததும் இதே அளவு, இதே மூன்றடுக்குதான்.

பழைய சேற்று டயரில் நல்லதாக இருந்த மூன்றையும் ஒருவர் எடுத்துக்கொண்டார். கிழிந்ததைப் பஞ்சர் கடை அண்ணன் கேட்டு வாங்கி, மேலே ஒரு பலகை போட்டுக் கடை வாசலில் உட்காரப் போட்டிருக்கிறார். பட்டன் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.