ஓசூர்–சேலம் பறக்கும் கணக்கு: சொந்த எக்செல்லா, சந்தா ஆப்பா?

பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) கையில் வந்ததும் எழும் கேள்வி, பயணக் கணக்கை எதில் போடுவது என்பது. ஈ6பி வட்டும் (விமானிகள் கையால் சுழற்றிக் கணக்குப் போடும் தட்டு) பென்சிலும் ஒரு வழி. ஆண்டுச் சந்தா கட்டி ஆப் வாங்குவது இன்னொன்று. எக்செல்லில் நாமே ஷீட் போட்டுக்கொள்வது மூன்றாவது. நான் மூன்றாவதில் இருக்கிறேன், அதனால் இது நடுநிலையான தீர்ப்பு இல்லை.

வட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்று மாறினால் எல்லா லெக்கையும் (பயணத்தின் ஒவ்வொரு துண்டையும்) திரும்பப் போடவேண்டும், பொறுமை போய்விடும்.

ஆப்பின் பலம் வானத்தில்தான் தெரியும். நாம் இருக்கும் இடம் மேப்பில் நகரும், வழி மாறினால் தொட்டதும் புதுத் திசையும் நேரமும் வரும். ஷீட் இந்த இடத்தில் தோற்றுவிடும், மறுக்கவில்லை. ஆனால் பறக்குமுன் எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) எண், ஏர் டிஃபன்ஸ் கிளியரன்ஸ் (வான்பாதுகாப்பு அனுமதி) எண் வாங்குவதெல்லாம் எதை வைத்திருந்தாலும் நம் வேலைதான்.

எனக்கு முடிவைத் தந்தது ஒன்றே: திரையில் வரும் எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க முடிகிறதா? ஆப்பில் விடை மட்டும் வரும். ஷீட்டில் செல்லைத் தொட்டால் ஃபார்முலா தெரியும்.

ஓசூரின் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்திலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 55 நாட்டிகல் மைல், திசை 162 டிகிரி. தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய், பாலக்கோடு இடப்புறம் தள்ளி நிற்க, தொப்பூர் கணவாய்க்கு அருகே இறங்கும் கோடு. ஆடி மாத மேற்குக் காற்று 270 டிகிரியில் 15 நாட் (மணிக்கு அத்தனை நாட்டிகல் மைல்), நம் வேகம் 105 நாட் என்று வையுங்கள். மூக்கை வலப்புறம் 7.8 டிகிரி திருப்பவேண்டும், தரைவேகம் 109 நாட், அரைமணியில் சேலம்.

எக்செல்லின் SIN கோணத்தை ரேடியனில்தான் கேட்கும். காற்றுக்கும் வழிக்கும் இடையிலான கோணம் 270-இல் 162 போக 108. RADIANS போடாமல் அதை அப்படியே கொடுத்தால் 7.6 டிகிரி வரும்! ஏறக்குறைய சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே ஷீட் திரும்பி வரும் வழிக்கு, 7.8 வரவேண்டிய இடத்தில், 2 டிகிரி காட்டும். அதை நம்பினால் ஓசூருக்கு வருவதற்குள் வழிக்கோட்டிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் விலகியிருப்போம், அதுவும் பெங்களூரு வான்வெளியின் ஓரத்தில். ஆகவே புதிதாக ஷீட் போடுகிறவர் போக, வர இரண்டையும் வட்டில் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு, ஃபார்முலா செல்களைப் பூட்டிவிடவேண்டும். சொந்த ஷீட்டுக்கு இதுதான் உண்மையான செலவு.

வரவும் உண்டு. இங்கே பெட்ரோல் லிட்டரில் ஊற்றுவார்கள், அமெரிக்க விமானத்தின் கையேடு கேலனிலும் பவுண்டிலும் பேசும். ஒரு கேலன் 3.785 லிட்டர், ஆவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) கேலனுக்கு 6 பவுண்டு. இரண்டு செல்லில் தீர்ந்துவிடும். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரம். அந்த உயரத்துக்கு நியமமான வெப்பம் 9 டிகிரி. சித்திரை மதியம் 33 டிகிரி என்றால், டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்ட, காற்று மெலிந்து, இன்ஜினுக்கு அது 5,900 அடி உயரத்தில் இருப்பதுபோல. இந்த எண் சிவப்பில் ஒளிரும்படி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு நாலாவது ஆளை ஏற்ற மனம் வராது.

ஷீட்டின் பலவீனம், அதுவாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஏஐபி (விமான நிலைய, வான்வழி விவரங்களின் அரசுத் தொகுப்பு) மாற்றங்கள் 28 நாள் சுழற்சியில் வரும். அதிர்வெண், ஓடுதள விவரங்களைப் பார்த்துத் திருத்துவது நம் பொறுப்பு. நோட்டாம் (விமானிகளுக்கான அவ்வப்போதைய அறிவிப்பு), வானிலை எதுவும் அதற்குத் தெரியாது. சோம்பேறிகளுக்குச் சந்தாவே மலிவு.

இரவிலோ, நாலைந்து ஊர் இறங்கி ஏறும் நீண்ட பயணத்திலோ நான் இந்த ஷீட்டை வைத்துப் பறந்ததில்லை. அங்கே ஆப் ஜெயிக்கலாம். பகலில் இரண்டு லெக் என்றால் ஷீட்டை அச்செடுத்து முழங்கால் பலகையில் கிளிப் போட்டுக்கொள்கிறேன், டாப்லெட்டில் ஓர் இலவச மேப் துணைக்கு இருக்கும். விமானத்தை மறுபடி எடைபோட்டால், புதிய வெற்று எடையையும் ஆர்மையும் (எடை மையம் இருக்கும் தூரம்) அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.