போர் தண்ணீர் நீச்சல் குளத்துக்கு ஏற்ற குளோரின் எது?

வீட்டு நீச்சல் குளத்துக்கென்று டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) வில்லை, கால்சியம் ஹைப்போகுளோரைட் துகள், கேனில் வரும் திரவ குளோரின் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. கிருமியைக் கொல்லும் வேலையை மூன்றுமே செய்கின்றன; கொன்ற பிறகு தண்ணீரில் எதை விட்டுச் செல்கின்றன என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

50,000 லிட்டர் குளத்துக்கு நாள்தோறும் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குளோரின் தேவை என்று வைத்துக்கொள்வோம். வில்லையானால் சுமார் 110 கிராம் போதும். மிதவையில் போட்டுவிட்டால் தானே கரைந்துகொள்ளும். அதிலிருந்து வெளிவரும் சயனூரிக் அமிலம் வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பதால், திறந்தவெளிக் குளத்தில் அது 30 முதல் 50 பிபிஎம் வரை இருப்பது நல்லதே. ஆனால் அது ஆவியாவதில்லை. இந்தக் கணக்கில் மாதத்துக்கு 36 பிபிஎம் சேர்ந்து, மூன்றே மாதத்தில் 100ஐத் தாண்டிவிடும். அந்த அளவில் அது குளோரினின் வேகத்தையே அடக்கிவிடுவதால், டெஸ்ட் கிட்டில் குளோரின் சரியாகக் காட்டினாலும் சுவரில் பாசி வழுக்கும். பாதித் தண்ணீரையாவது வெளியேற்றாமல் தீராது. வில்லை காரத்தன்மையையும் குறைக்கும். அது 80 பிபிஎம்முக்குக் கீழே இறங்கினால், 10 பிபிஎம் உயர்த்த 840 கிராம் சமையல் சோடா வேண்டும்.

துகள் விட்டுச் செல்வது கால்சியம். கடினத்தன்மை குறைந்த தண்ணீருக்கு அது துணையே. ஏற்கெனவே 400 பிபிஎம்மைத் தாண்டிய போர் தண்ணீரிலோ, பிஎச் 7.8க்கு மேல் போனதும் நீர்மட்டத்தை ஒட்டிய டைல்ஸில் நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளைப் படிவு ஏறிவிடும்.

திரவ குளோரின் விட்டுச் செல்வது சாதாரண உப்பு மட்டுமே. 10 சதவீதக் கரைசலானால் நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். வெயிலில் வைத்தால் கேனுக்குள்ளேயே வீரியம் இழக்கும் என்பதால் இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. இந்தச் சிரமங்கள் இருந்தாலும், போர் தண்ணீருக்கு நான் பரிந்துரைப்பது இதையே: முதல் மாதம் வில்லையால் சயனூரிக் அமிலத்தை 30க்குக் கொண்டுவந்துவிட்டு, பின்னர் திரவத்துக்கு மாறிவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும் பிஎச் 7.2 முதல் 7.6க்குள் இருக்கட்டும். அதற்கு ஆசிட் ஊற்றுவதானால் பம்ப் ஓடும்போது தனியாக ஊற்ற வேண்டும். குளோரினோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். வில்லைக்குப் பயன்படுத்திய மிதவையில் துகளைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.