கியூப்ரமைன்: லிட்டருக்கு ஒரு யூனிட்

வேலூர் சத்துவாச்சாரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். வீட்டு ஹாலில் கடல் மீனும் பவளமும் வளர்க்கும் பவளத்தொட்டி ஓடுகிறது. எந்த மருந்தானாலும் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். சீகெம் கம்பெனியின் கியூப்ரமைனையும் அப்படித்தான் வாங்கினேன்.

கடல் மீனுக்கு ஒட்டுண்ணிப் பூச்சியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கான செம்பு மருந்து இது. மீனைக் காப்பாற்றும், பவளம், இறால், நத்தையைக் கொன்றுவிடும். அதனால் பவளத்தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது. மீனைத் தனியாக மாற்றி மருந்து கொடுக்கும் மருத்துவத் தொட்டி வேண்டும். கல்லும் மணலும் செம்பை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதில் இரண்டும் வேண்டாம். மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் இருந்தால் போதும். தனித்தொட்டி வைக்க இடமில்லை என்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

“பவளத்துக்குக் கெடுதல் இல்லை” என்று விற்கும் வெள்ளைப்புள்ளி மருந்துகள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. தண்ணீரில் நீந்தும் பூச்சியைக் கொல்லும் பலம் இருந்தால், பக்கத்தில் இருக்கும் இறாலை மட்டும் அது எப்படி விட்டுவைக்கும்? செவுளில் ஒட்டும் தட்டைப்புழு வேறு கதை. அதற்கு பிராசிகுவாண்டல் கேட்கும், செம்பு கேட்காது. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அளவுதான். 40 லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் கழித்து இன்னொரு 1 மில்லி. முதல் டோஸில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் செம்பு, இரண்டாவதில் 0.5. நம் ஊரில் கிடைக்கும் சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சில் 1 மில்லிக்கு 40 கோடு. அதாவது ஒரு லிட்டருக்கு ஒரு யூனிட், கால்குலேட்டரே வேண்டாம்! ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 1 மில்லிக்கு 100 யூனிட், அதை எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். போன வாரம் காட்பாடிப் பக்கம் படிக்கும் பையன் ஒருவன் கடைக்கு வந்து, “அக்கா, ஊசி இல்லாத சிரிஞ்சு இருக்கா, மீனுக்கு” என்றான். பக்கத்தில் நின்ற பெரியவர் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஆனால் சிரிஞ்சை மட்டும் நம்ப முடியாது. செம்பு ரொம்பக் குறைந்தால் பூச்சி சாகாது, அதிகம் ஏறினால் மீன் சாகும். தண்ணீரில் உள்ள செம்பைக் கலர் பார்த்துச் சொல்லும் கிட்டில் 0.4-ஐயும் 0.6-ஐயும் பிரித்துச் சொல்ல என் கண்ணுக்கு முடியவில்லை. அதை எண்ணாகவே காட்டும் ஹன்னா கம்பெனி டிஜிட்டல் செக்கர் விலை கூடுதல்தான், இருந்தாலும் மருந்தோடு சேர்த்து அதையும் வாங்குங்கள். தண்ணீர் மாற்றினால் புதுத் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு யூனிட் கலந்துவிட்டு ஊற்ற வேண்டும்.

புதிதாக வைத்த மருத்துவத் தொட்டியில் அமோனியா ஏறும். உடனே அமோனியாவை அடக்கும் திரவத்தை ஊற்றத் தோன்றும். அந்த வகைத் திரவங்கள் இந்தச் செம்போடு சேர்ந்தால் மீனுக்கு விஷம். தண்ணீர் மாற்றுவதுதான் வழி. நம் போர் தண்ணீர் உப்பு என்பதால் எப்படியும் ஆர்.ஓ. தண்ணீர்தான், அதே வகையான குளோரின் நீக்கியும் தேவைப்படாது. ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், யூவி லைட் இருந்தால் அணையுங்கள்.

லேபிள் 14 நாள் என்கிறது. அனுபவமுள்ள பலர் 30 நாள் வைக்கிறார்கள், நானும் அப்படித்தான். மீன் தோலுக்குள் இருக்கும் பூச்சியையும் கூட்டுக்குள் இருக்கும் பூச்சியையும் செம்பு தொடாது. வெளியே நீந்தும்போதுதான் கொல்லும். இதே காரணத்தால் பவளத்தொட்டியையும் மீனே இல்லாமல் சும்மா ஓடவிட வேண்டும். பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு 76 நாள். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலுக்குத் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். செம்பில் இருக்கும் மீனுக்கு மூச்சு வாங்கும். கரண்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். 100 மில்லி பாட்டில் வீட்டுத் தொட்டிக்குத் தாராளம், பெரியது வேண்டாம். வலை, பக்கெட், டியூப் எல்லாவற்றிலும் “செம்பு” என்று மார்க்கரில் எழுதி, பவளத்தொட்டிப் பக்கம் வராமல் தனியாக மாட்டி வையுங்கள்.