டயாஃப்ரமா, சுவர்ப் பரப்பா, கைக்கணக்கா? காற்றுச்சுமையை மாடலில் ஏற்றும் வழிகள்

ஒரே கட்டடத்தின் கணினி மாடலில் மூன்று விதமாகக் காற்றுச்சுமை ஏற்றினாலும் அடித்தள வெட்டு விசை (அடித்தளத்துக்கு வந்துசேரும் மொத்தக் கிடைமட்ட விசை) ஏறத்தாழ ஒன்றாகவே வரும். அந்த ஒற்றுமையை நம்பி வேலையை முடித்துவிடுவது எனக்குப் பதற்றம் தரும் பழக்கம். மொத்த விசை சரியாக இருக்கலாம். அது எந்த உறுப்பின் மேல் விழுகிறது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

கட்டட வடிவமைப்பு மென்பொருளான ஈடாப்ஸில் பலரும் முதலில் தொடுவது டயாஃப்ரம் வழி. டயாஃப்ரம் என்பது கிடைமட்ட விசைக்கு ஒரே தகடாக நகரும் மாடித் தளம். தளத்தின் அகலம், மாடி உயரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, காற்று மோதும் பக்கத்து அழுத்தத்தையும் பின்பக்கத்து உறிஞ்சலையும் சேர்த்து ஒரே விசையாகத் தளத்தில் வைத்துவிடும். பலமாடிக் கான்கிரீட் கட்டடத்துக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் சுமைத் தரநிலையான ஏஎஸ்சிஇ 7 நான்கு வகைகளைக் கேட்கிறது: முழுச் சுமை, 75 சதவீதச் சுமையோடு மையத்திலிருந்து அகலத்தில் 15 சதவீத விலகல், இரு திசையிலும் ஒருசேர 75 சதவீதம், இரு திசையிலும் விலகலோடு 56.3 சதவீதம். குறிகளை மாற்றி விரித்தால் 12 லோடு கேஸ்கள் (தனித்தனிச் சுமை நிலைகள்). கையால் எழுதினால் ஏதாவது ஒரு குறி தவறிவிடும்.

ஆனால் டயாஃப்ரம் இல்லாத இடத்தில் இந்த வழிக்கு வேலையே இல்லை. கூரையை மேலே இழுக்கும் உறிஞ்சலும் இதில் வராது.

எஃகு ஷெட்டுக்கு அதனால்தான் சுவர், கூரைப் பரப்புகளில் அழுத்தக் குணகங்களை (காற்றழுத்தத்தைப் பெருக்கும் எண்களை) தனித்தனியாகக் கொடுக்கும் வழி வேண்டும். ஒவ்வொரு பரப்புக்கும், ஒவ்வொரு திசைக்கும் கொடுக்க வேண்டியிருப்பதால் பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். இங்கே முக்கியமானது உட்புற அழுத்தம். இந்தியக் காற்றுச்சுமைத் தரநிலையான ஐஎஸ் 875 பகுதி 3-இன்படி சுவரில் திறப்புகள் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அதன் குணகம் ±0.2, 5 முதல் 20 வரை ±0.5, அதற்கு மேல் ±0.7. எதிரெதிர்ச் சுவர்களில் இது ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால் அடித்தள வெட்டு விசையில் தடயமே தெரியாது. கூரையிலோ அப்படியே நின்று, வெளிப்புற உறிஞ்சலோடு சேர்ந்து தூண்களை அடித்தளத்தோடு பிணைக்கும் நங்கூர போல்ட்டுகளை இழுக்கும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. இடமிருந்து வலமாக வீசும் காற்றுக்கு ஒரு லோடு கேஸ் உருவாக்கி, எதிர்த்திசைக்கு அதையே −1 ஆல் பெருக்கிவிடுகிறார்கள். சமச்சீரான பலமாடிக் கட்டடத்தில் இது செல்லும். ஷெட்டில் செல்லாது: கூரையைத் தூக்கிய விசை குறி மாறி, கூரையை அழுத்தும் விசையாகிவிடும். ஆகவே எதிர்த்திசைக்குத் தனி லோடு கேஸ் கட்டாயம்.

எக்செலில் கணக்கிட்டு விசைகளை நேரடியாக உள்ளிடுவது மூன்றாவது வழி. ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்டலாம். ஆனால் ஒரு மாடியின் உயரத்தை மாற்றினால் சுமை தானாக மாறாது; பழைய எண் அப்படியே கிடக்கும். இதை முதன்மை வழியாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். வடிவமைப்புக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்றால் காற்றழுத்தம் 0.6 × 50² = சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். சுவர்ப் பரப்பாலும் குணகங்களாலும் பெருக்கி, மாடலின் ஆதாரங்களில் வரும் கிடைமட்ட எதிர்வினையோடு ஒப்பிடுங்கள். ஷெட்டாக இருந்தால் கூரைப் பரப்புக்கும் அதே கணக்கைப் போட்டு, செங்குத்து எதிர்வினைகளின் கூட்டுத்தொகையையும் பாருங்கள். காற்று மட்டும் உள்ள லோடு கேஸில் அந்தத் தொகை பூஜ்யமாக வந்தால், கூரைச் சுமை மாடலுக்குள் ஏறவே இல்லை.