கேஸ் நிரப்பும் முன் கசிவைத் தேடிய காரைக்குடிப் பட்டறை

சித்திரை மாதம் கானாடுகாத்தானில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய்த் திரும்பும்போது, கோட்டையூர் வருவதற்குள் எங்கள் காரின் ஏசி அனல் காற்றை ஊதத் தொடங்கியது. பின்னிருக்கையில் 76 வயதான ஆத்தா. வெளியே வெயில் உச்சியில் நின்றது. கண்ணாடியை இறக்கினால் வெளிக்காற்று இன்னும் சூடாக இருந்தது.

இந்தக் கோளாறு புதியது அன்று. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இரு முறை, தடவைக்கு 1,800 ரூபாய் கொடுத்துக் கேஸ் நிரப்பியிருந்தோம். கேஸ் தீர்ந்துவிட்டது என்பதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. கார் ஏசியின் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. பல ஆண்டுகளில் இரப்பர்க் குழாய்களின் வழியே சிறிதளவு குறையலாமே தவிர, மூன்று வாரத்தில் முழுவதும் போய்விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். அந்த ஓட்டையைத் தேடாமல் பணம் வாங்கியது தவறு என்றே நான் கருதுகிறேன்.

காரைக்குடியின் ஓரத்தில் இரண்டே பேர் வேலை செய்யும் ஒரு சிறிய ஏசி பட்டறைக்கு நண்பர் ஒருவர் வழிகாட்டினார். இருவரால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது, பெயரைப் போட வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அதை இங்கே தவிர்க்கிறேன். வண்டியை நிறுத்தியதும் அவர் முதலில் ஆத்தாவிடம், "ஆச்சி, உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்க, நேரமாகும்" என்றார். பிறகு என்னிடம், ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது மட்டும் சூடாகிறதா, அல்லது எப்போதுமே சூடுதானா என்று கேட்டார். இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. முன்பக்கம், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சருக்குக் காற்றிழுக்கும் மின்விசிறி பழுதானால், வண்டி ஓடும்வரை எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும்; ரயில்வே கேட்டில் நின்றவுடன் குளிர்ச்சி போய்விடும். எங்கள் வண்டியில் எப்போதுமே சூடுதான்.

பானெட்டைத் திறந்து ஏசியைப் போடச் சொன்னார். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் ஒட்டும்போது கேட்கும் 'டக்' என்ற ஒலி வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டியபோது இரண்டு முள்ளும் 25 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் நின்றன; அன்றைய வெயிலுக்கு அவை 110-க்கு மேல் நின்றிருக்க வேண்டும். அழுத்தம் அந்த அளவுக்கு விழுந்தால், கம்ப்ரசர் எண்ணெய் ஓட்டமின்றிக் கெட்டுவிடாதிருக்க சென்சார் அதை ஓடவிடாது. ஆகவே கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மாற்ற வேண்டியதில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். அந்த இடத்திலேயே எனக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

"அண்ணே, கேஸ் போடுறது கொஞ்ச நேர வேலை. அது எங்க போச்சுன்னு பாக்காம போட்டா அடுத்த மாசமும் நீங்க வந்து நிப்பீங்க" என்றவர், டார்ச்சை அடித்து அலுமினியக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்டன்சரில் குழாய் வந்து சேரும் இணைப்பில், ஐம்பது காசு அகலத்துக்கு நம் ஊர்ச் செம்மண் தூசி கருஞ்சிவப்பாக அப்பியிருந்தது. கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெயும் கசிந்ததால்தான் அங்கே மட்டும் தூசி ஒட்டியிருக்கிறது என்று விரலால் துடைத்துக் காட்டினார். மீதிக் கேஸை வெளியேற்றி, நைட்ரஜனை 200 பிஎஸ்ஐ வரை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவியதும் அதே இடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. உள்ளே இணைப்பை அடைக்கும் இரப்பர் வளையமான ஓ ரிங் தட்டையாக நசுங்கி வெடித்திருந்தது.

புதிய ஓ ரிங்கை எண்ணெய் தொட்டுப் பொருத்திய பின், குழாய்களுக்குள் இருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்கும் வேக்கம் பம்ப் 45 நிமிடம் ஓடியது. உள்ளே ஈரம் இருந்தால் அது கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகிக் குழாய்களை அரிக்கும். வெற்றிடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடுகிறது. பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசைகிறதா என்று காத்திருந்தார், அசையவில்லை. அதன் பிறகே பானெட்டுக்குள் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, தராசில் சிலிண்டரை வைத்து, அதில் கண்டபடி 420 கிராம் ஆர் 134ஏ கேஸை எடை பார்த்து ஏற்றினார். அழுத்தத்தை மட்டும் பார்த்து நிரப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே நின்றிருக்கும் வண்டியில் முள் சரியாகக் காட்டிவிடும், மொத்த அளவு அதில் தெரியாது. இறுதியில் ஏசி காற்று வரும் நடுத் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகியபோது 8 டிகிரி வந்தது.

குறைகளும் உண்டு. மூன்றரை மணி நேரம் ஆனது; உட்கார ஒரு பெஞ்சும் ஒரு மின்விசிறியும்தான். பில் கேட்ட பிறகே எழுதித் தந்தார். பழைய கேஸைத் திரும்பப் பிடிக்கும் இயந்திரம் இல்லாமல் அதை வெளிக்காற்றில் விட்டது எனக்கு உறுத்தியது. ஒரு கிலோ ஆர் 134ஏ வளிமண்டலத்தைச் சூடாக்கும் அளவு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு. இதை அவரிடமே சொன்னேன். அந்த இயந்திரத்தின் விலை தனக்கு இப்போது எட்டாது என்றார்.

மொத்தம் 2,650 ரூபாய் ஆனது. ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்ததால், பிள்ளையார்பட்டிக்குப் போன வழியில் நிறுத்தினோம். காசு வாங்காமல் கேஜை மாட்டிப் பார்த்தார். அழுத்தம் குறையவில்லை, இணைப்பில் புதிய எண்ணெய்க் கறையும் இல்லை.